ஒல்லியா இருக்கறவங்களுக்கு சை-ஃபை கவசம்: ஃபோமா, பிரிண்டா, ஏபிஎஸ் கிட்டா, ஃபைபரா?

போன மாசம் எங்க சித்தி பையன் வீட்டுக்கு வந்தான். பத்தொன்பது வயசு, 175 செமீ உயரம், 52 கிலோ. ஃபோன்ல ஒரு விண்வெளிப் படைவீரன் கவசத்தோட படத்தைக் காட்டி "அண்ணா, இத நான் போட்டா நல்லா இருக்குமா, இல்ல டிரம்முக்குள்ள குச்சி விட்ட மாதிரி இருக்குமா"ன்னு கேட்டான். அவன் சிரிச்சுக்கிட்டே தான் கேட்டான், ஆனா எனக்கு அந்தக் கேள்வி எங்கேர்ந்து வருதுன்னு தெரியும், ஏன்னா நானும் அதே உடம்புக்காரன் தான், என் முதல் கவசத்துல தொடைத் தகடு நடக்க நடக்கச் சுத்தி பின்பக்கம் முன்பக்கமா வந்து நின்னது.

2024 பிப்ரவரில நந்தம்பாக்கம் டிரேட் சென்டர்ல சென்னைக்கு காமிக் கான் (காமிக்ஸ், சினிமா பாத்திரங்க மாதிரி வேஷம் போட்டு வர்ற ரசிகர் விழா) வந்ததுக்கப்புறம் இந்தக் கேள்வி இன்னும் அதிகமாயிடுச்சு. நெட்ல கிடைக்கிற வழிகாட்டி எல்லாமே பெரும்பாலும் ஆறடி உயரம், அகல தோள் இருக்கற ஆளுங்களுக்கு எழுதினது. அதுல "எது பாக்க நல்லா இருக்கும், எது சீக்கிரம் முடியும்"னு தான் ஒப்பிடுவாங்க. ஒல்லியான உடம்புக்கு கேக்க வேண்டிய கேள்வியே வேற. அதனால நான் செஞ்சு பாத்தது, கூட இருக்கறவங்களுக்கு செஞ்சு குடுத்தது எல்லாத்தையும் வச்சு ஈவிஏ ஃபோம், 3டி பிரிண்ட், அச்சுல வடிவம் எடுத்து வர்ற ஏபிஎஸ் பிளாஸ்டிக் கிட், பேப்பர் மேல ஃபைபர்னு நாலு வழியையும் எடை போட்டு எழுதறேன்.

## எதை வச்சு முடிவு பண்றது

மொதல் விஷயம், சுத்தளவை மட்டும் தனியா குறைக்க முடியுமா. ஒல்லியான ஆளுக்கு உயரம் குறையல, சுத்தளவு தான் குறைச்சல். சித்தி பையனுக்கு நடுத்தொடை 43 செமீ, கெண்டைக்கால் 31, மார்பு 81, இடுப்பு 68, ஆனா கால் நீளம் சராசரி ஆளோடது தான். மொத்தமா சின்னதாக்கினா நீளமும் சேந்து குறைஞ்சு முட்டிக்கு மேல பாதித் தொடை வெளிய தெரியும். அதனால எந்தப் பொருளை எடுத்தாலும் "இதுல அகலத்தை மட்டும் எவ்வளவு சுலபமா குறைக்கலாம், குறைச்சதுக்கு அப்புறம் தப்பானா திருப்ப முடியுமா"ன்னு கேளுங்க.

ரெண்டாவது எடை, அது எங்க உக்காருதுன்றதும் சேத்து. சதை இல்லாத தோள்ல பெல்ட் நேரா காரை எலும்பு மேல உக்காரும், ஒரு மணி நேரத்துல வலி உயிர் போகும். இடுப்பு எலும்பு மேல பெல்ட் நிக்க மேடு இல்ல, நழுவிக்கிட்டே இருக்கும்.

மூணாவது, தகடு சுத்தாம நிக்குமா. இதுக்குப் பெரும்பாலும் உள்ள போடற உடுப்பும் வாரும் தான் காரணம், ஆனா பொருளுக்கும் பங்கு இருக்கு, வழவழப்பான பிளாஸ்டிக் சுத்தும், ஃபோம் துணியைப் பிடிச்சுக்கும்.

அப்புறம் நம்ம ஊர் வெயில், கைல இருக்கற காசு, இடம், நேரம். இதெல்லாம் எல்லாருக்கும் பொதுவானது, அந்தந்த இடத்துல சொல்றேன்.

எடையைப் பத்தி மட்டும் மொதல்லயே ஒரு கணக்கு போட்டுக்கலாம். மெலிஞ்ச ஒரு ஆளுக்கு முழுக் கவசம்னா ஏறக்குறைய 1.5 சதுர மீட்டர் தகடுன்னு வச்சுக்குங்க. பெயிண்ட், வார், பக்கிள் இதெல்லாம் சேக்காம வெறும் தகடு மட்டும்:

| வழி | தடிமன் | 1.5 சதுர மீட்டருக்கு எடை |
|---|---|---|
| ஈவிஏ ஃபோம் (கனமீட்டருக்கு 100 கிலோ அடர்த்தி) | 10 மிமீ | 1.5 கிலோ |
| ஏபிஎஸ் தகடு | 2 மிமீ | 3.1 கிலோ |
| ஃபைபர் + ரெசின் | 3 மிமீ | சுமார் 6.5 கிலோ |
| பிஎல்ஏ (3டி பிரிண்டர்ல போடற ஒரு வகை பிளாஸ்டிக்) பிரிண்ட் | 4 மிமீ | 7.4 கிலோ |

52 கிலோ ஆளுக்கு 7.4 கிலோன்றது உடம்பு எடைல ஏழுல ஒரு பங்கு. 85 கிலோ ஆளுக்கு அது பெருசா தெரியாது. இந்த ஒரு வித்தியாசத்தை வழிகாட்டி எழுதறவங்க யாரும் சொல்றதில்ல.

## ஈவிஏ ஃபோம்

சின்னப் பசங்க விளையாட தரைல போடற பசில் பாய் இருக்கே, அதே பொருள் தான். ஆனா கடைல ஈவிஏன்னு கேட்டு வாங்கும்போது அடர்த்தியைப் பாருங்க, விரலால அமுக்கினா உடனே குழி விழுந்து மெத்து மெத்துன்னு இருந்தா அது கவசத்துக்கு ஆகாது, விளிம்பு எல்லாம் ஒரே நாள்ல பிஞ்சிடும். யோகா பாய் நிறைய வேற பொருள்ல வருது, சூடு காட்டினா வளைஞ்ச வடிவத்துல நிக்காது. சென்னைல பெரியமேடு பக்கம் செருப்பு, ஷூ மெட்டீரியல் விக்கிற கடைகள்ல ஷீட்டா கேட்டுப் பாருங்க, கைல தொட்டு அமுக்கிப் பாத்து வாங்கறது ஆன்லைன்ல ஆர்டர் போடறதை விட எவ்வளவோ மேல்.

ஒல்லியான ஆளுக்கு ஃபோம் ஏன் எனக்கு இவ்வளவு பிடிக்குதுன்னா, அதோட தடிமனே நமக்கு சதை மாதிரி வேலை செய்யும். 10 மிமீ ஃபோமை கால் சுத்தி வளைச்சா வெளிச் சுத்தளவு உள் சுத்தளவை விட 6 செமீக்கு மேல கூடும், அதாவது உள்ள காலோட ஒட்டி நிக்கும், வெளிய பாக்கறவங்களுக்கு நல்ல தொடையா தெரியும். 2 மிமீ பிளாஸ்டிக்ல இது ஒன்னேகால் செமீ தான் கூடும், அப்போ பருமனா தெரியணும்னா தகடு காலை விட்டு விலகித் தொங்கணும், விலகித் தொங்கினா சுத்தும்.

பேட்டர்ன் வெட்டும்போது நிறைய பேர் தப்பு பண்ற இடம் இதே தான். கால் அளவை எடுத்து அப்படியே வெட்டிடறாங்க, வளைச்சப்புறம் பாத்தா இறுக்கம். ஃபோம் வளையும்போது உள்பக்கம் சுருங்கும், வெளிப்பக்கம் நீளும், நடுக்கோடு மட்டும் மாறாது, அதனால பேட்டர்ன் நீளம் = கால் சுத்தளவு + உள்ள காத்து போக இடம் + ஃபோம் தடிமன் × 3.14. சித்தி பையன் நடுத்தொடைக்கு 43, உள்ள போடற பேண்ட்டுக்கும் அசைவுக்கும் 5, ஃபோமுக்கு 3, மொத்தம் 51 செமீ. வெளிய பாத்தா 54 சுத்தளவா தெரியும். 43 எங்க, 54 எங்க.

அகலத்தைக் குறைக்கறதுன்னா ஒரே தையல்ல எல்லாத்தையும் வெட்டக்கூடாது. டெய்லர் சட்டையைப் பிடிக்கிற மாதிரி ரெண்டு மூணு இடத்துல டார்ட் (ஆப்பு வடிவத்துல வெட்டி எடுத்து ஒட்டறது) எடுங்க, இல்லன்னா டிசைன் கோடெல்லாம் ஒரு பக்கமா இழுத்துக்கும். மொதல்ல பேப்பர்ல, இல்ல பழைய அட்டைப்பெட்டில வெட்டி டேப் போட்டு உடம்புல வச்சுப் பாருங்க. தப்பா போனா ஒரு அட்டை தான் நஷ்டம்.

மறைஞ்சிருக்கற செலவுன்னா பிளேடு, பசை, கைப்பழக்கம். கட்டர் பிளேடு கொஞ்சம் மழுங்கினாலும் ஃபோமைக் கிழிக்கும், வெட்டாது, ஒரு கவசத்துக்கு ரெண்டு பாக்கெட் பிளேடு போகும். பசைக்கு ஃபெவிகால் எஸ்ஆர் 998 மாதிரி ரப்பர் பசை, ரெண்டு பக்கமும் தடவி கைல ஒட்டாத அளவு காஞ்சதும் அமுக்கணும், அவசரப்பட்டு ஈரத்துல ஒட்டினா பிரிஞ்சிடும். அதோட வாடை தலை சுத்த வைக்கும், மொட்டை மாடிலயோ ஜன்னல் திறந்து ஃபேன் போட்டோ செய்யுங்க, சாதாரண துணி மாஸ்க்கும் என்95-ம் இந்த ஆவியை நிறுத்தாது. பெயிண்டுக்கு முன்னாடி ஹீட் கன்ல மேல் தோலை லேசா பளபளன்னு வர்ற வரைக்கும் சூடு காட்டி அடைக்கணும், அப்புறம் வெள்ளை ஃபெவிகால்ல தண்ணி கலந்து நாலஞ்சு கோட், ஒவ்வொரு கோட்டும் காயணும். இந்த இடத்துல சோம்பேறித்தனம் பண்ணினா எவ்வளவு நல்லா வெட்டினாலும் தூரத்துலேர்ந்தே ஸ்பாஞ்சுன்னு தெரிஞ்சிடும்.

பலவீனம் என்னன்னா, கூரான விளிம்பு, கண்ணாடி மாதிரி வழவழப்பு இதுல கஷ்டம். வெயில்ல நிக்கற கார்ல விட்டா ஒட்டின இடம் வாய் திறக்கும், வளைச்ச வடிவம் கொஞ்சம் கொஞ்சமா மறுபடி தட்டையாகப் பாக்கும். நான் என் முழு ஃபோம் கவசத்துக்கு ஹெல்மெட் தவிர செலவு பண்ணது ஏழாயிரத்துக்குள்ள, நேரம் ரெண்டு மாச வார இறுதி.

## 3டி பிரிண்ட்

இப்போ எல்லாரும் இதைத் தான் கேக்கறாங்க, ஏன்னா ஃபைல் ரெடியா கிடைக்குது, மெஷின் வேலை செய்யும், நாம தூங்கலாம்னு ஒரு நினைப்பு.

ஒல்லியான ஆளுக்கு இதுல ஒரு பெரிய வசதி இருக்கறது உண்மை. ஃபைலை எக்ஸ், ஒய், இசட்னு ஒவ்வொரு திசைலயும் தனித்தனியா மாத்தலாம். தொடைத் தகடு ஃபைல்ல உள் சுத்தளவு 64 செமீ, உங்களுக்கு வேண்டியது 48ன்னா எக்ஸும் ஒய்யும் 75 சதவீதம், உயரம் இசட் 95 சதவீதம், அவ்வளவு தான், வேற எந்த வழிலயும் இது இவ்வளவு துல்லியமா வராது. ஆர்மர்ஸ்மித்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, உங்க அளவை எல்லாம் குடுத்தா உங்க உடம்பு மாதிரி ஒரு பொம்மை வரும், அது மேல கவசத்தை மாட்டிப் பாத்து அளவு மாத்தலாம். காசு குடுத்து வாங்கற சாஃப்ட்வேர், ஆனா ரெண்டு கிலோ ஃபிலமென்ட் (பிரிண்டருக்குப் போடற பிளாஸ்டிக் நூல்) வீணாகறதை விட பரவாயில்ல.

ஆனா கவனிங்க, அகலத்தை 75க்கு குறைச்சா சுவரோட தடிமனும் கூடவே 75க்கு குறையும். 4 மிமீ சுவர் 3 ஆயிடும், பக்கிள் மாட்ட இருக்கற துளை உங்க பக்கிளுக்குப் பத்தாது, காந்தம் வைக்கற குழில காந்தம் போகாது. மேல இருக்கற வட்ட டிசைன் எல்லாம் முட்டை வடிவமா நசுங்கித் தெரியும். 80க்கு கீழ போகணும்னா ஃபைலைத் திறந்து நடுவுல ஒரு பட்டை வெட்டி எடுத்து ஒட்டறது தான் சரி, அதுக்கு பிளெண்டர்ன்ற 3டி சாஃப்ட்வேர் தெரியணும், இல்ல தெரிஞ்சவங்க கூட இருக்கணும்.

எடை மேல சொன்னேன். அதோட கடினத்தையும் சேத்துக்குங்க. சதை இல்லாத முட்டிலயும் இடுப்பு எலும்புலயும் பிஎல்ஏ விளிம்பு இடிச்சா ரத்தம் கட்டும், எனக்கு இடுப்புல பத்து நாள் கருப்பா இருந்தது. உள்ளே முழுக்க 5 மிமீ ஃபோம் ஒட்டியே ஆகணும், அந்த 5 மிமீக்கு அளவுல இடம் விடணும், இதை பிரிண்ட் போடறதுக்கு முன்னாடி யோசிக்கணும்.

வெயில் விஷயத்துல பிஎல்ஏ தான் ரொம்ப மோசம், 60 டிகிரி கிட்டயே இளக ஆரம்பிச்சிடும், மூடின கார் உள்ள மே மாச மத்தியானம் அந்த சூட்டை சுலபமா தொட்டுடும். பிஇடிஜின்ற இன்னொரு பிரிண்ட் பிளாஸ்டிக் 80 டிகிரி வரைக்கும் தாங்கும், அதுல போடுங்க. சென்னை மாதிரி கடலோர ஊர்ல இன்னொரு தொல்லை, ஃபிலமென்ட் ஈரம் உறிஞ்சும், திறந்து வச்ச ரோல் ரெண்டு வாரத்துல நூல் நூலா இழுக்கும், பிஎல்ஏன்னா கைலயே பட்டுனு உடையும். காத்துப் புகாத டப்பால சிலிக்கா ஜெல் போட்டு வைங்க. கரண்ட் போனா திரும்பத் தொடர்ற வசதி இல்லாத மெஷின்ல ஹெல்மெட் ஏத்தாதீங்க, முப்பது மணி நேரம் ஓடினது பாதில நின்னா மனசு விட்டுப் போகும்.

செலவுக்கு வருவோம். மெஷின் உங்களது, இல்ல நண்பனோடதுன்னா ஃபிலமென்ட் கிலோ ஆயிரம் ரூபாய் கிட்ட, 8 கிலோ போட்டாலும் ஃபெயில் ஆனதையும் சேத்து பத்து பன்னிரண்டாயிரம். கடைல குடுத்துப் போட்டா கிராமுக்கு 5 ரூபாய்னு வச்சாலே 7 கிலோவுக்கு 35,000. அதுக்கப்புறம் தான் உண்மையான வேலையே ஆரம்பிக்கும், டிங்கரிங் கடைல கார்ல போடற பட்டி இருக்கே அதைப் பூசி, உப்புத்தாள்ல தேய்ச்சு, பிரைமர் அடிச்சு, மறுபடி தேய்ச்சு, ஒரு தொடைத் தகடுக்கே ஒரு முழு நாள். மெஷின் வேலை செய்யற நேரம் நம்ம நேரம் இல்ல, தேய்க்கற நேரம் நம்ம நேரம்.

என் அபிப்ராயம், ஒல்லியான ஆள் முழுக் கவசத்தையும் பிரிண்ட் போட வேண்டாம். ஹெல்மெட், கை மேல வர்ற சின்னக் கருவி, பெல்ட் பெட்டி, மார்புல வர்ற விளக்கு, இதுக்கு மட்டும் பிரிண்ட் மாதிரி வேற எதுவும் கிடையாது.

## ஏபிஎஸ் கிட்

பிளாஸ்டிக் தகடைச் சூடாக்கி அச்சு மேல போட்டு அடிலேர்ந்து காத்தை உறிஞ்சி வடிவம் எடுக்கற முறை. ஸ்டார் வார்ஸ் படத்துல வெள்ளைக் கவசம் போட்டு வர்ற ஸ்டார்ம்ட்ரூப்பர் சிப்பாய்ங்க கவசமே 1976ல ஷூட்டிங்குக்கு இப்படித் தான் செஞ்சாங்க, அதனால தான் இன்னைக்கும் அதை விரும்பறவங்க இந்த வழியையே பிடிச்சு நிக்கறாங்க. 1997ல அமெரிக்கால ஆரம்பிச்ச 501-வது லீஜியன்ற ஸ்டார் வார்ஸ் ரசிகர் அமைப்பு ஒவ்வொரு உடைக்கும் இப்படி இப்படி இருக்கணும்னு எழுதி வச்சிருக்காங்க, அதைப் பாத்து போட்டோ அனுப்பி அனுமதி வாங்கினா தான் உறுப்பினர். அந்த அமைப்புல சேரணும்ன்றது தான் உங்க ஆசைன்னா இந்தக் கிட்டு தான் நேர் வழி, மத்ததை யோசிக்க வேண்டாம்.

கிட் ஒரே அளவுல வரும், சராசரி உடம்பு, 180 செமீ ஒட்டின உயரம்னு நினைச்சு அச்சு செஞ்சிருப்பாங்க. கை கால் தகடு எல்லாம் ரெண்டு பாதியா வரும், ரெண்டு விளிம்பையும் வெட்டி முட்ட வச்சு மேல 15லேர்ந்து 25 மிமீ அகலப் பட்டை ஒட்டுவாங்க. இங்க தான் ஒல்லியானவங்களுக்கு ஒரு நல்ல செய்தி, எவ்வளவு வேணாலும் வெட்டலாம். குண்டானவங்க தான் துண்டு வச்சு ஒட்டிக் கஷ்டப்படணும், வெட்டிக் குறைக்கறது நமக்கு சுலபம். ஆனா ஒரு பக்கமே வெட்டாதீங்க, முன்னாடி பின்னாடி ரெண்டு தையல்லயும் சமமா எடுங்க, இல்லன்னா நடுக்கோடு சாஞ்சு போகும். மாஸ்கிங் டேப் போட்டு மாட்டி, நடந்து, மாடிப்படி ஏறி, உக்காந்து பாத்துட்டு அப்புறம் கத்தி எடுங்க, ஏன்னா வெட்டின பிளாஸ்டிக் வளராது. பிளேடால கோடு கீறி வளைச்சா நேரா உடையும், ரம்பம் வேண்டாம். வளைவு அதிகமா விரிஞ்சு நின்னா நல்லா கொதிச்ச தண்ணில கொஞ்சம் முக்கி கையுறை போட்டு மூடிப் பிடிங்க, ஏபிஎஸ் அந்த சூட்டுல மெதுவா அடங்கும். ஒட்டறதுக்கு இ6000 மாதிரி ரப்பர் தன்மை இருக்கற பசை, ரெண்டு மூணு நாள் காயணும், சின்னக் காந்தங்களை ரெண்டு பக்கமும் வச்சுப் பிடிச்சு வைங்க. தப்பானா அந்தப் பசையைப் பிச்சு எடுத்துட்டுத் திரும்ப ஒட்டலாம், அது ஒரு நிம்மதி.

கெட்ட செய்தி மார்புத் தகடு. அதுல டிசைன் எல்லாம் நடுவுல இருக்கு, ஓரத்துல தான் வெட்ட முடியும், அதுவும் ஓரளவுக்கு. 39 செமீ தோள் இருக்கற ஆளுக்கு மார்புத் தகடு ரெண்டு பக்கமும் துருத்தி, தோள் கவசம் காத்துல நிக்கும். உள்ள பக்கவாட்டுல ஃபோம் கட்டை ஒட்டி உடம்புக்கும் தகடுக்கும் நடுவுல இருக்கற இடத்தை அடைச்சா நிக்கும்.

மறைஞ்சிருக்கற செலவு கூரியர். ஏபிஎஸ் தகடு லேசு, ஆனா பெட்டி பெருசு. விமானக் கூரியர்ல நீளம் × அகலம் × உயரம் செமீல பெருக்கி 5000ஆல வகுத்து அந்த எடைக்குத் தான் பொதுவா காசு வாங்குவாங்க. 70 × 50 × 40 பெட்டின்னா 28 கிலோவுக்கு பில், உள்ள இருக்கறது அஞ்சு கிலோ தான். அதுக்கு மேல கஸ்டம்ஸ் டியூட்டி, வரி. கிட் விலையை மட்டும் பாத்து ஆர்டர் போட்டு அப்புறம் பெட்டியை விடுவிக்கக் கடன் வாங்கின ஒருத்தரை எனக்குத் தெரியும்.

வெயிலுக்கு இது தான் கெட்டி, 100 டிகிரி தாண்டித் தான் இளகும். ஆனா சாதாரணமா விரிசல் விடும், முக்கியமா பக்கிள் துளை ஓரத்துல. மிச்சமான ஏபிஎஸ் துண்டை அசிட்டோன்ல கரைச்சு வர்ற கூழ் தான் அதுக்கு மருந்து.

## பேப்பர் + ஃபைபர்

பெபகுரான்னு ஜப்பான்காரங்க சாஃப்ட்வேர் ஒன்னு இருக்கு, 3டி மாடலை விரிச்சு பேப்பர்ல பிரிண்ட் எடுத்து மடிச்சு ஒட்டலாம், அதுக்கு மேல ரெசின் (காஞ்சா கெட்டியாகற பிசின்), உள்ள ஃபைபர் மேட் (கண்ணாடி இழை விரிப்பு). ஒரு காலத்துல ஹெல்மெட்டுக்கு இது தான் ராஜா. இன்னைக்கு ஒல்லியான ஒருத்தருக்கு நான் இதை சொல்ல மாட்டேன். ரெசின் தடவினதும் பேப்பர் நெளியும், நெளிஞ்சதும் அளவு போகும், நமக்கு அளவு தான் உயிர். எடையும் அதிகம்.

பாதுகாப்புக்காக ஒன்னு மட்டும் கட்டாயம் சொல்லணும். நம்ம ஊர்ல ரெசின் வாங்கினா கூட ரெண்டு சின்ன பாட்டில் குடுப்பாங்க, கோபால்ட், ஹார்ட்னர். அது ரெண்டையும் நேரா ஒன்னோட ஒன்னு கலந்தா பொங்கித் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். மொதல்ல கோபால்ட்டை ரெசின்ல நல்லா கலக்கி, அப்புறம் தான் ஹார்ட்னர். ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க் இல்லாம இந்த வேலையைத் தொடாதீங்க. ஃபைபர் மேட் வேலை தெரிஞ்ச அப்பாவோ மாமாவோ, படகு, பைக் டூம் செய்யற பட்டறையோ பக்கத்துல இருந்தா மட்டும் ஹெல்மெட்டுக்கு யோசிங்க.

## எந்த வழியா இருந்தாலும் உடம்புல நிக்க வைக்கறது

இதைத் தனியா எழுதறேன், ஏன்னா காசுல கால்வாசியாவது இங்க தான் போடணும்னு நான் நினைக்கறேன், ஆனா எல்லாரும் கடைசி ராத்திரி இதைப் பண்றாங்க.

பழைய டீ-ஷர்ட் ஒன்னு போட்டுக்கிட்டு யாரையாவது உடம்பு முழுக்க டக்ட் டேப் சுத்தச் சொல்லுங்க, முதுகுல வெட்டிக் கழட்டி உள்ள பழைய துணி அடைச்சா உங்க உடம்போட பொம்மை ரெடி. மூச்சு இழுத்து மார்பை விரிச்சு நிக்காதீங்க, சாதாரணமா நில்லுங்க. அதுல மாட்டிப் பாத்துத் தான் ஒவ்வொரு தகடும்.

உள்ள போடற உடுப்பு இறுக்கமான ஸ்போர்ட்ஸ் டைட்ஸ். தோள் முனைல, புஜத்துல, தொடை வெளிப்பக்கத்துல டெய்லர்கிட்ட குடுத்து 12 மிமீ ஸ்பாஞ்சு தைச்சு வாங்குங்க. எல்லா இடத்துலயும் வைக்காதீங்க, வெந்து போவீங்க. இடுப்பு, முன்கை, கணுக்கால் இதெல்லாம் ஒட்டி இருக்கட்டும், தோளும் மார்பும் தொடை மேல்பக்கமும் விரிஞ்சு இருக்கட்டும், இந்த வித்தியாசம் தான் பாக்கறவங்க கண்ணுக்கு வீரன் உடம்பா தெரியும். எல்லாத்தையும் உடம்போட ஒட்டச் செஞ்சா அளவு சரியா இருந்தும் எலும்பா தான் தெரியும்.

ஹெல்மெட்டுல ஒரு குழப்பம் வரும். உடம்பு ஒல்லியா இருந்தாலும் தலை ஒல்லியாகாது, சித்தி பையன் தலைச் சுத்தளவு 55, சராசரி தான். உடம்புக்கு ஏத்த மாதிரி ஹெல்மெட்டையும் 80க்கு குறைச்சா மூக்கு இடிக்கும், தலையே போகாது. தலை பெருசா தெரியுதேன்னு தோணினா தோள் கவசத்தை ரெண்டு பக்கமும் 3 செமீ வெளிய தள்ளுங்க, சரியாயிடும்.

தொடைத் தகடை இடுப்பு பெல்ட்ல தொங்க விடாதீங்க, பெல்ட்டோட சேந்து எல்லாம் இறங்கும். ஒன்றரை இன்ச் நாடால தோள்லேர்ந்து எச் வடிவத்துல ஒரு வார், அது பெல்ட்டைத் தூக்கிப் பிடிக்கும், பெல்ட்லேர்ந்து முன்னாடி ஒன்னு வெளிப்பக்கம் ஒன்னுன்னு ரெண்டு எலாஸ்டிக் தொடைத் தகடுக்கு. ரெண்டு இடத்துல பிடிச்சா தான் சுத்தாது. பொண்ணுங்களுக்கு இடுப்பு அமைப்பால பெல்ட் கொஞ்சம் நல்லா நிக்கும், ஆனாலும் தோள் வார் வேணும். வார் காரை எலும்பு மேல வர்ற இடத்துல 5 மிமீ ஃபோம் பட்டை தைங்க. முழங்காலுக்குக் கீழ வர்ற தகடு பூட்ஸ் மேல உக்காரட்டும், உள்ள கெண்டைக்கால் சுத்தி ஒரு ஃபோம் வளையம்.

ரிச்சி தெருல கிடைக்கற 5 வோல்ட் சின்ன ஃபேன் ரெண்டு, பவர் பேங்க், ஹெல்மெட்டுக்குள்ள. ஒன்னு காத்தை உள்ள இழுக்க, ஒன்னு வெளிய தள்ள.

## யாருக்கு எது

முதல் கவசம், கைல பத்தாயிரம், அளவு மாத்தி மாத்திப் பாக்கணும்: ஃபோம், யோசிக்கவே வேண்டாம். உங்க எடை 55க்கு கீழன்னா ரெண்டாவது கவசத்துக்கும் நான் ஃபோம் தான் சொல்லுவேன்.

வீட்டுல மெஷின் இருக்கு, பிளெண்டர் தெரியும், தேய்க்கறதுக்குப் பொறுமை இருக்கு, கவசம் போட்டு ஒரு மணி நேரம் போட்டோ எடுத்துட்டுக் கழட்டிடுவீங்க: பிரிண்ட், பிஇடிஜில.

அந்த வெள்ளைக் கவசம் தான் வேணும், அச்சு அசலா வேணும், அடுத்த அஞ்சு வருஷம் அதையே போடுவேன்: ஏபிஎஸ் கிட். ஒல்லியும் குட்டையும் சேந்து இருந்தா வாங்கறதுக்கு முன்னாடி கீழ்க்கால் தகடோட நீளத்தை விக்கறவங்ககிட்ட கேட்டு வாங்கிடுங்க, அது முட்டியை இடிச்சா நடக்கவே முடியாது.

ஒரு நாள் ஸ்கூல் விழா, காலேஜ் கல்ச்சுரல்ஸ்: 5 மிமீ ஃபோம்ல மார்பு, தோள், முன்கை மட்டும். கால் முழுக்க கருப்பு பேண்ட், பூட்ஸ். பாதிக் கவசம் நல்லா பொருந்தினா முழுக் கவசம் தொளதொளன்னு இருக்கறதை விட அழகு.

சித்தி பையனுக்கு ஃபோம் கவசம், ஹெல்மெட் மட்டும் பிஇடிஜில பிரிண்ட்னு முடிவாச்சு. போன ஞாயித்துக்கிழமை டேப் பொம்மை செஞ்சோம், சித்தி பின்னாடி நின்னு டேப் சுத்தினாங்க. இப்போ ஹால்ல அந்தப் பொம்மைக்கு அட்டைல வெட்டின தொடைத் தகடு மாட்டி நிக்குது, இடது பக்கம் இன்னும் 2 செமீ குறைக்கணும்.